ஒரே பிணக்கு, மூன்று வழக்குகள்: விவாகரத்து, ஜீவனாம்சம், குற்றப் புகார் குறித்து மும்பைத் தமிழருக்கு ஓர் எளிய விளக்கம்

மணவாழ்க்கையில் பிணக்கு முற்றிவிட்டால், மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் "கேஸை இங்கே போடுவதா, ஊரில் போடுவதா?" என்பதாகவே இருக்கிறது. கேள்வி நியாயமானதுதான், அதற்கான விடை பின்னால் வருகிறது. ஆனால் அதற்கு முன்னால் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய ஒன்றைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். விவாகரத்து, ஜீவனாம்சம், குற்றப் புகார் ஆகிய மூன்றும் ஒரே சண்டையிலிருந்து கிளம்பினாலும், சட்டத்தின் கண்ணில் அவை மூன்று தனித்தனி வழக்குகள். ஒன்றில் வென்றவர் மற்றொன்றில் தோற்கலாம். ஒன்றைத் திரும்பப் பெற்றால் மற்றது தானாக முடிந்துவிடாது. இது புரியாமல் கையெழுத்துப் போட்டவர்களும், புரியாமல் பணம் கொடுத்தவர்களும்தான் பிற்பாடு அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைத் தம்பதியை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்துக் கோயில் ஒன்றில் திருமணம் நடந்தது. தாராவியில் 90 அடி சாலைக்குப் பக்கத்துச் சால் (வரிசை அறைகள் கொண்ட குடியிருப்பு) ஒன்றின் மாடி அறையில் நான்கு ஆண்டுகள் குடித்தனம் நடந்தது. ஒரு பெண் குழந்தை. இப்போது மனைவி குழந்தையுடன் நெல்லையில் தாய்வீட்டில் இருக்கிறார். "அவளாகத்தான் போனாள்" என்கிறது ஒரு தரப்பு. "அடித்து விரட்டினார்கள்" என்கிறது மறு தரப்பு.

இவர்களுடைய விவாகரத்து வழக்கில் நீதிபதி பார்ப்பது, இந்தத் திருமணத்தை முடித்துவைக்கச் சட்டம் ஏற்கும் காரணம் இருக்கிறதா என்பதை. ஜீவனாம்ச வழக்கில் பார்ப்பது, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள இயலாதவர் யார், காப்பாற்றும் சக்தியும் கடமையும் உள்ளவர் யார் என்பதை. குற்ற வழக்கில் பார்ப்பது, குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட குற்றத்தைச் செய்தார் என்பது ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டதா என்பதை. முதல் இரண்டிலும் எவர் சொல்வது நம்பத்தக்கது என்று நிறுத்துப் பார்த்தாலே போதும். மூன்றாவதில் அது போதாது. ஆகவே, கொடுமை வழக்கில் கணவர் விடுதலையானதாலேயே ஜீவனாம்சம் நின்றுபோகாது. ஜீவனாம்சம் கொடுக்க உத்தரவானதாலேயே அவர் குற்றவாளி ஆகிவிடவும் மாட்டார்.

இந்தப் பிரிவினைக்கு நல்ல சான்று, மணவாழ்க்கைக்கு வெளியேயான உறவு. அதைக் குற்றமாக்கியிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் செல்லாது என்று அறிவித்தது. அதன் பிறகு அதற்காகக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க முடியாது. ஆனால் விவாகரத்துக்கு அது இன்றும் முழுமையான காரணம். மனைவி அத்தகைய உறவில் தொடர்ந்து வாழ்கிறார் என்று மெய்ப்பிக்கப்பட்டால், மாதாந்தர ஜீவனாம்சத்துக்கும் அது தடையாகும்.

முத்திரைத்தாளும் விவாகரத்தும்

நம் மக்களிடையே மிகுந்த கேடு விளைவிக்கும் பழக்கம் ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பெரியவர்களோ சங்கத்துக்காரர்களோ கூடி, முத்திரைத்தாளில் இரு தரப்பிடமும் எழுதி வாங்கி, நோட்டரியின் முத்திரையும் குத்தி, "இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை" என்று அத்துவிடுவது இன்னும் நடக்கிறது. இந்து திருமணச் சட்டம், 1955, தன் 29ஆம் பிரிவில் வழக்காற்று மணமுறிவுக்கு இடம் விட்டிருப்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்காறு அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக, இடையறாமல் இருந்துவருகிறது என்பதை, அதைச் சொல்லிக்கொள்பவரே மெய்ப்பிக்க வேண்டும், அது எளிதன்று. அது முடியாவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அதை நம்பி மறுமணம் செய்துகொண்டால் இரண்டாம் திருமணம் செல்லாததாவதோடு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுவரை சிறைக்கும் இடமுண்டு. சமரசம் பேசும் பெரியவர்கள் பணத்தையும் பாத்திரபண்டத்தையும் பிரித்துக்கொடுக்கட்டும். திருமணத்தைப் பிரிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

நீதிமன்றம் வழியே பிரிவதற்கு இரண்டு பாதைகள் உள்ளன. ஒருவர் மட்டும் கேட்பதாக இருந்தால், 13ஆம் பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்றைக் காட்டியாக வேண்டும்: கொடுமை, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் கைவிட்டுப் போனது, திருமணத்துக்குப் புறம்பான உறவு, மதமாற்றம், தீராத மனநோய், ஏழாண்டுகளாக உயிரோடிருக்கும் தகவலே இல்லாமை போன்றவை. "ஒத்துவரவில்லை, உறவு செத்துப்போய்விட்டது" என்பது மட்டும் இந்தப் பட்டியலில் கிடையாது. மீட்க முடியாதபடி முறிந்த உறவை அந்த ஒரே காரணத்துக்காக முடித்துவைக்கும் அதிகாரம், அரசமைப்பின் 142ஆம் கூற்றின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2023 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு அதே காரணத்தைக் குடும்பநல நீதிமன்றத்தில் சொன்னால் எடுபடாது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது.

இருவரும் சம்மதித்தால் 13பி பிரிவு. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு கொடுத்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதங்களுக்குள், இருவரும் மறுபடி வந்து உறுதிசெய்ய வேண்டும். இந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க சூழலில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு, பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருப்பதும், ஜீவனாம்சம், குழந்தை ஆகிய விவகாரங்கள் பேசி முடிந்திருப்பதும் பார்க்கப்படும். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீடு என்றே பொருளில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் வேறு போக்கிடமில்லாமல் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே, கணவன் மனைவியாக வாழாமல் இருப்பதும் பிரிந்து வாழ்வதே என்று 1991இலேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அதே தீர்ப்பு மற்றொன்றையும் சொன்னது: தீர்ப்பாணை வரும்வரை இருவரில் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பணப் பேச்சில் இந்த விதி எவ்வளவு முக்கியம் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

மேலே சொன்னவை இந்துக்களுக்கு உரியவை. பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் இதே சட்டம்தான். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த கிறித்தவக் குடும்பங்களுக்கு 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம். திருச்சபை திருமணத்தை ரத்துசெய்தாலும் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் சட்டப்படி அது முறியாது. முஸ்லிம் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019 முதல் தண்டனைக்குரிய குற்றம். பதிவுத் திருமணமாகச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்கு அந்தச் சட்டமே வழி.

மும்பையில் இவ்வழக்குகள் பாந்த்ரா கிழக்கில், பாந்த்ரா–குர்லா வளாகத்திலுள்ள குடும்பநல நீதிமன்றத்துக்குச் செல்கின்றன. தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் வந்துவிடும் தூரம்தான். 1984ஆம் ஆண்டுக் குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின்படி அங்கே வழக்கறிஞரை வைத்துக்கொள்வது உரிமை அன்று. நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். முதலில் திருமண ஆலோசகரிடம் அனுப்புவார்கள். அவர் தீர்ப்புச் சொல்பவர் அல்லர். சேர்ந்து வாழ வாய்ப்பிருக்கிறதா, இல்லாவிட்டால் எதெதில் உடன்பாடு காணலாம் என்று பேசிப் பார்ப்பவர். அவர் முன்னால் மொழிச் சிக்கல் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுவது நல்லது. தெரிந்த அரைகுறை இந்தியில் "ஹாங், டீக் ஹை" என்று தலையாட்டிவிட்டு வந்து, எதற்குச் சம்மதித்தோம் என்று வெளியே நின்று யோசிப்பது தேவையற்ற துன்பம்.

ஜீவனாம்சம்: யாருக்கு, எவ்வளவு

ஜீவனாம்சம் கேட்க விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டியதில்லை. பிரிந்து வாழும் மனைவி, பிரியும் எண்ணமே இல்லாவிட்டாலும் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு என்று எல்லோரும் அறிந்திருந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. மனைவி, மறுமணம் செய்யாத விவாகரத்தான மனைவி, குழந்தைகள், வயதான பெற்றோர் ஆகியோர் இதன்கீழ் கேட்கலாம். மதம் இதற்குத் தடையில்லை. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இதன்படி கேட்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1985இல் ஷா பானு வழக்கில் சொன்னது, இடையே புதிய சட்டம் வந்து விவாதம் எழுந்தபின், 2024 ஜூலையில் மறுபடி உறுதிசெய்தது.

இதைத் தவிர, இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் வழக்கு நடக்கும் காலத்துக்கான இடைக்கால ஜீவனாம்சமும், 25ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சமும் உண்டு. இவ்விரண்டையும் வருமானமற்ற கணவரும் மனைவியிடம் கேட்கலாம். குடும்ப வன்முறைச் சட்டம், 2005இன் கீழும் பணம் கேட்கலாம். "அப்படியானால் மூன்று இடத்திலும் கேட்டு மூன்று மடங்கு வாங்கலாமா?" என்றால், முடியாது. ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எங்கெங்கே என்ன உத்தரவு பெற்றிருக்கிறோம் என்பதை மனுதாரர் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றும், ஒன்றில் கிடைத்த தொகையை மற்றொன்றில் கழித்துக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. உத்தரவு எந்த நாளில் வந்தாலும், மனு கொடுத்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்பதும் அதே தீர்ப்புத்தான்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு வாய்ப்பாடு கிடையாது. சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கு என்று ஒரு பேச்சு உலவுகிறது. 2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமானது என்று குறிப்பிட்டதிலிருந்து அது கிளம்பியது. அது அந்த வழக்கின் அளவுகோல். சட்டத்தில் எழுதப்பட்ட விகிதம் அன்று. இருவரின் வருமானம், வாழ்க்கைத் தரம், குழந்தையின் செலவு, மற்றப் பொறுப்புகள் எல்லாம் பார்க்கப்படும். வீட்டுக் கடன், தனிநபர் கடன் என்று தவணைகளை அடுக்கிக் காட்டி, கையில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை என்று சொல்வதை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. வேலையில்லை என்பதும் முழுத் தப்பிப்பு அன்று. உடல் நலத்துடன் இருப்பவர் உழைத்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்ன நிலைப்பாடு.

சம்பளச் சீட்டு இல்லாதவர்களின் நிலைதான் நம் பகுதிகளில் உண்மையான சிக்கல். விடியற்காலையில் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சட்னி வாளியோடு சைக்கிளில் விற்கப் போகிறவருக்கும், தோல் பட்டறையில் துண்டுக்கணக்கில் கூலி வாங்குகிறவருக்கும் வருமானச் சான்று எங்கிருந்து வரும்? இதற்காகவே மேற்சொன்ன 2020 தீர்ப்பு, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு அனைத்தையும் சொல்லும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஆக்கியது. வங்கிக் கணக்கு அறிக்கை, கைப்பேசி வழியே வந்த பணத்தின் பதிவு, மாடி அறையை வாடகைக்கு விட்ட ஒப்பந்தம், சீட்டுப் பணம் கட்டிய நோட்டு, ஊரில் வாங்கிய மனையின் பத்திரம் என்று எது கிடைத்தாலும் அதைக் கொண்டு நீதிபதி ஒரு மதிப்பீட்டுக்கு வருவார். மறைத்தவர் என்று தெரியவந்தால் அந்த மதிப்பீடு அவருக்குப் பாதகமாகவே போகும். மனைவியும் தையல், வீட்டு வேலை என்று சிறிது சம்பாதிப்பதை மறைக்க வேண்டியதில்லை; சிறு வருமானம் இருப்பதாலேயே ஜீவனாம்ச உரிமை போய்விடுவதில்லை, மறைத்தது அம்பலமானால்தான் மொத்த வழக்கும் ஆட்டம் காணும்.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால், நிலுவைக்கு மனுச் செய்ய வேண்டும். அதை நிலுவை ஏற்பட்ட ஓராண்டுக்குள் செய்தாக வேண்டும் என்ற கெடுவைத் தவறவிட்டுத் திண்டாடுவோர் பலர். வாரண்டு பிறப்பித்து வசூலிக்கலாம். அப்படியும் கட்டாவிட்டால், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம்வரை சிறையில் வைக்கலாம். சிறையில் இருந்துவிட்டு வந்தால் கடன் தீர்ந்தது என்று எண்ணுவது தவறு. தொகை அப்படியே நிற்கும். "சேர்ந்து வாழ வா" என்று வழக்குப் போட்டுக் கணவர் தீர்ப்பு வாங்கிவிட்டால் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டாம் என்றொரு யோசனையும் சிலரால் விற்கப்படுகிறது. அந்தத் தீர்ப்பு மட்டுமே தடையாகாது, வராமலிருக்க மனைவிக்குத் தக்க காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

காவல் நிலையம்: என்.சி.யும் எஃப்.ஐ.ஆரும்

மும்பையில் அடிபட்டுக் காவல் நிலையத்துக்குப் போன பெண் ஒரு தாளை வாங்கிக்கொண்டு வந்து, "கேஸ் போட்டாயிற்று" என்று சொல்வார். தாளை வாங்கிப் பார்த்தால் பல நேரங்களில் அது என்.சி. பதிவாக இருக்கும். காவல்துறை தானாக விசாரிக்க முடியாத சிறு குற்றங்களுக்கான பதிவு அது. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் அதன்மேல் விசாரணை நடக்காது, யாரும் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படவும் மாட்டார்கள். தமிழ்நாட்டு மகளிர் காவல் நிலையங்களில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதும் புகார் பெறப்பட்டதற்கான அடையாளமே தவிர வழக்கு அன்று. வழக்கு என்பது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., பதிவானால்தான் தொடங்குகிறது. என்றாலும் என்.சி. தாளைக் கிழித்துப்போட வேண்டாம். குடும்ப வன்முறை மனுவிலும் விவாகரத்து வழக்கிலும், இன்ன தேதியில் அடி விழுந்தது என்பதற்கு, மருத்துவமனைச் சீட்டோடு சேர்த்து அது நல்ல துணைச் சான்று.

புகாரைக் காவலர் மராத்தியில் எழுதுவார். கையெழுத்து இடுமுன் அதைப் படித்துக் காட்டச் சொல்வது சட்டம் தந்த உரிமை; எஃப்.ஐ.ஆர். நகலைக் கட்டணமின்றி உடனே பெறுவதும் உரிமை. "வரதட்சணை கேட்டார்கள்" என்று சொன்னது, யார், எப்போது, எதைக் கேட்டார் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் உயர் காவல் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் பயனில்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம்.

எல்லோரும் 498ஏ என்று சொல்லும் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகள். கணவரோ அவருடைய உறவினரோ மனைவிக்கு இழைக்கும் கொடுமைக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் அபராதமும். எல்லாச் சண்டையும் இதற்குள் வராது. தற்கொலைக்குத் தூண்டும் அளவுக்கோ, உயிருக்கும் உடலுக்கும் மனநலத்துக்கும் கடும் தீங்கு நேரும் அளவுக்கோ வேண்டுமென்றே நடந்துகொண்டதும், பணம், பொருள் கேட்டுத் துன்புறுத்தியதும்தான் கொடுமை என்று சட்டம் வரையறுக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம், 1961, தனியே உண்டு. அதில் கொடுப்பதும் குற்றம் என்பதைத் தட்டு வைத்துக் கொடுத்த பெற்றோர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. பெண்ணின் நகையையும் சீர்ப் பொருளையும் திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடியாகும்; அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு.

புகார் கொடுத்தால் மறுநாளே குடும்பத்தோடு கைது என்ற காலம் போய்விட்டது. அர்னேஷ் குமார் வழக்கில் 2014 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம், ஏழு ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் தேவை என்பதைக் காவல் அதிகாரி எழுதிப் பதிவுசெய்ய வேண்டும், இல்லையேல் ஆஜராகும்படி அறிவிப்புக் கொடுத்தால் போதும் என்று கட்டளையிட்டது. அந்த அறிவிப்பு வந்தால் போக வேண்டும். போகாமல் இருப்பதுதான் கைதுக்கு வழிதேடித் தரும். நாத்தனார், கொழுந்தன், எங்கோ குவைத்தில் இருக்கும் சித்தப்பா என்று எல்லாப் பெயரையும் புகாரில் கோத்துவிடுவது வழக்கை வலுவாக்கும் என்று சில ஆலோசகர்கள் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். குறிப்பான செயல் எதையும் சொல்லாமல் உறவினர் எல்லோரையும் பொத்தாம்பொதுவாகச் சேர்ப்பதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரிலும் கண்டித்தது. அப்படிச் சேர்த்த பெயர்கள் உயர் நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாக நீக்கப்படும்போது, உண்மையாகவே அடித்தவருக்கு எதிரான குற்றச்சாட்டும் நிறமிழந்துவிடுகிறது. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தது மெய்ப்பிக்கப்பட்டால், அதுவே கணவருக்கு இழைத்த மனக் கொடுமையாகி விவாகரத்துக்குக் காரணமும் ஆகும்.

தண்டனை வேண்டாம், அடி நிற்க வேண்டும், தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பவருக்குப் பொருத்தமானது குடும்ப வன்முறைச் சட்டம். பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் குடியிருக்கும் உத்தரவு, பணம், குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றை மாஜிஸ்திரேட்டிடம் ஒரே மனுவில் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், கூட்டாக வாழ்ந்த வீடாக இருந்தால் அங்கே தங்கும் உரிமை மருமகளுக்கு உண்டு என்று 2020இல் தீர்ப்பாகியிருக்கிறது. இந்தச் சட்டத்தில் நேரடியாகச் சிறை இல்லை. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டுவரை சிறை.

இங்கேயா, ஊரிலேயா

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். நம் கற்பனைத் தம்பதியின் விவாகரத்து வழக்கைத் திருமணம் நடந்த நெல்லையிலும் போடலாம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த மும்பையிலும் போடலாம். வழக்குப் போடுபவர் மனைவியானால், 2003 முதல் அவர் தற்போது வசிக்கும் இடத்திலும் போடலாம். ஜீவனாம்ச மனுவையும் குடும்ப வன்முறை மனுவையும் அவர் தாய்வீட்டில் இருந்துகொண்டே கொடுக்கலாம். கொடுமை மும்பையில் நடந்திருந்தாலும், அடைக்கலம் புகுந்த ஊரிலேயே குற்றப் புகார் கொடுக்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. எனவே கணவர் பாந்த்ராவில் விவாகரத்து வழக்கும், மனைவி நெல்லையில் ஜீவனாம்ச வழக்கும் ஒரே நேரத்தில் நடத்துவது சாதாரணமாக நடப்பதே. இரண்டும் வேறு வேறு மாநிலம் என்பதால், ஒன்றை மற்ற இடத்துக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கைக்குழந்தையோடு ரயிலேற வேண்டிய மனைவியின் சிரமம் அங்கே பெரும்பாலும் எடை பெறுகிறது.

நெல்லையில் எஃப்.ஐ.ஆர். பதிவாகி, மும்பையில் இருக்கும் கணவர் கைதுக்கு அஞ்சினால், அங்கே போய் முன்ஜாமீன் கேட்கும்வரையிலான குறுகிய காலப் பாதுகாப்பை மும்பையிலேயே கேட்க முடியும். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி காட்டியது. இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று: ஊர் முகவரிக்கு வந்த சம்மனைப் பாட்டி வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார் என்பதை நீதிமன்றம் காரணமாக ஏற்காது. வராதவருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு ஆகும். அதை நீக்கக் கெடு மிகக் குறைவு, விவாகரத்துத் தீர்ப்பானால் முப்பது நாள், ஜீவனாம்ச உத்தரவானால் மூன்று மாதம். வழக்கின் பதினாறு எழுத்தெண் கொண்ட சி.என்.ஆர். எண் கையில் இருந்தால், அடுத்த வாய்தா எப்போது என்பதை இ-கோர்ட்ஸ் செயலியில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

செலவுக்குப் பணமில்லாத பெண்கள், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி பெறலாம். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். "வருகிற ஜீவனாம்சத்தில் எனக்கு இத்தனை பங்கு" என்று பேசும் வழக்கறிஞரிடம் போகாதீர்கள். பார் கவுன்சில் விதிகள் அதைத் தடைசெய்கின்றன.

சமரசமாகும்போது

மூன்று வழக்குகளும் தனித்தனி என்பதன் முழுப் பொருளும் சமரசத்தின்போதுதான் தெரியவரும். விவாகரத்துக்கு இருவரும் ஒத்துக்கொண்டாலும், கொடுமை வழக்கைப் புகார் கொடுத்தவர் தாமாகத் திரும்பப் பெற முடியாது. உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பெண்ணின் சம்மதப் பத்திரத்தோடு, அதை ரத்துசெய்யக் கேட்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். தாராவி காவல் நிலையத்தில் பதிவாகியிருந்தால் பம்பாய் உயர் நீதிமன்றம். நெல்லையில் பதிவாகியிருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. பாந்த்ராவில் விவாகரத்து வாங்கிவிட்டு மதுரைக்குப் போகாமல் விட்டவருக்கு, சில ஆண்டுகள் கழித்து பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது அந்த வழக்கு எழுந்து வந்து நிற்கும்.

ஆகவே உடன்பாட்டு விதிமுறைகளை எழுதும்போது, ஒப்புக்கொண்ட தொகையை ஒரே தவணையாகக் கொடுக்காமலும் முழுவதையும் கடைசிக்குத் தள்ளாமலும், மனுத் தாக்கலின்போது ஒரு பகுதி, இரண்டாம் முறை உறுதிசெய்யும்போது ஒரு பகுதி, குற்ற வழக்கு ரத்தாகும்போது மீதி என்று பிரித்து, டிமாண்ட் டிராஃப்ட்டாகக் கொடுப்பது பரவலான நடைமுறை. சம்மதத்தை இடையில் எவரும் திரும்பப் பெறலாம் என்ற விதிக்கு இதுதான் நடைமுறைக் காப்பு. நகைகளின் பட்டியல், எந்தெந்த நீதிமன்றத்தில் எந்தெந்த எண்ணுள்ள வழக்கு முடிக்கப்படுகிறது, குழந்தை யாரிடம், பார்க்கும் நாள் எது ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். குழந்தையின் ஜீவனாம்சத்தைத் தாய் விட்டுக்கொடுத்து எழுதினாலும், அது குழந்தையின் உரிமையைக் கட்டுப்படுத்தாது. பள்ளிச் செலவுக்காக அது பின்னர் கேட்கப்படலாம் என்பதைக் கணவர் தரப்பு முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

தீர்ப்பு வந்தவுடன் சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரேஷன் அட்டை, பாஸ்போர்ட், குழந்தையின் பள்ளிச் சேர்க்கை என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். பரஸ்பர சம்மதத்தில் கிடைத்த தீர்ப்பின்மேல் மேல்முறையீடு கிடையாது என்பதால் மறுமணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எதிர்த்து நடத்திய வழக்கானால், மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை, மேல்முறையீடு போடப்பட்டிருந்தால் அது தள்ளுபடியாகும்வரை, கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.